காசோலையும் மின்னணுப் பணமாற்றமும் – ஓர் ஒப்பீடு

“அண்ணே, பேரு சரியாத்தானே போட்டீங்க? போட்டது என் பேரு. அப்புறம் பணம் மட்டும் எப்படி வேற ஆளுக்குப் போச்சு?”

2023ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் என் தங்கை தொலைபேசியில் கேட்ட கேள்வி இது. இருபத்தாறு ஆண்டுகளாக வணிகவியல் மாணவர்க்கு வங்கியியல் சட்டமும் நடைமுறையும் என்னும் பாடத்தைக் கற்பித்து வருபவன் நான். கீறலிட்ட காசோலையைப் பற்றி எந்த நேரத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒரு மணி நேரம் பேசக்கூடியவன். ஆயினும் அன்று அவளுக்கு விடை கூற இயலாமல் திகைத்து நின்றேன். பிறகு நான் தேடித் தெளிந்த விடையையே இங்கு எழுதுகிறேன். தேர்வுக்கு வரும் வினாவும் இதில் அடங்கியிருப்பதால் மாணவ நண்பர்கள் பொறுமையோடு படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நடந்தது இதுதான். தங்கை மகள் செவிலியர் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு சேர்வதற்கு ரூ. 36,000 கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை கடைசி நாள். வியாழன் இரவு உணவுக்குப் பின் கைப்பேசியை எடுத்து, தங்கையின் வங்கிக் கணக்கு எண்ணை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, நெஃப்ட் முறையில் பணத்தை அனுப்பினேன். தாளில் குறிக்கும்போதே ஒரு 8 என் கையெழுத்தில் 3 போல் விழுந்துவிட்டது. கணக்கு எண்ணை இருமுறை அடிக்குமாறு செயலி கேட்டது. இருமுறையும் அதே தாளைப் பார்த்து அதே தவற்றையே அடித்தேன். பெயர் என்ற இடத்தில் தங்கையின் பெயரைத் தலைப்பெழுத்துடன் பிழையின்றி எழுதினேன். சிறிது நேரத்தில் பணம் வரவு வைக்கப்பட்டதாகச் செய்தியும் வந்தது.

அந்தத் தவறான எண்ணுக்கு உரிமையாளர் ஒருவர் இருந்தார் என்பதே என் தீயூழ். அப்படி ஒருவர் இல்லாதிருந்தால் பணம் தானாகவே திரும்பியிருக்கும். வரவு வைக்க இயலாத நெஃப்ட் தொகையை, அந்தத் தொகுதி முடிந்த இரண்டு மணி நேரத்திற்குள் பெறும் வங்கி திருப்பி அனுப்ப வேண்டும் என்பது விதி. ஆள் இருந்ததால் வங்கி வரவு வைத்துவிட்டது. வெள்ளி காலை பத்து மணிக்கு என் தங்கை கழுத்துச் சங்கிலியை அடகு வைத்துக் கட்டணத்தைக் கட்டினாள்.

இனிப் பாடத்திற்கு வருவோம்.

காசோலை என்பது யாது? 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், ஆறாம் பிரிவில் இதற்கு இலக்கணம் கூறுகிறது. குறிப்பிட்ட ஒரு வங்கியின் மீது எழுதப்பட்டு, கேட்டவுடன் மட்டுமே செலுத்தத்தக்கதாய் அமைந்த மாற்றுச்சீட்டே காசோலையாகும். இதை மாணவர்கள் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். ஆனால் இதன் உட்பொருளைக் கேட்டால் விழிப்பார்கள். காசோலை பணமன்று. ‘என் கணக்கிலிருந்து இவருக்கு இவ்வளவு கொடு’ என்று என் வங்கிக்கு நான் இடும் எழுத்து வடிவக் கட்டளை. அந்தக் கட்டளையை நான் நேரே என் வங்கியிடம் கொடுப்பதில்லை. பணம் பெற வேண்டியவர் கையில் கொடுக்கிறேன். அவர் அதைத் தம் வங்கியில் செலுத்துகிறார். அவருடைய வங்கி என் வங்கியிடம் கேட்டு வாங்குகிறது. ஆகவே தாள் பெறுநர் பக்கத்திலிருந்து என் வங்கியை நோக்கி வருகிறது. பணம் அதற்கு எதிர்த்திசையில் போகிறது. 

மின்னணு மாற்றத்தில் இவ்விரண்டும் ஒரே திசையில் செல்கின்றன. கட்டளையை நானே என் வங்கிக்கு நேரில் தருகிறேன். வங்கி முதலில் என் கணக்கில் பற்று எழுதுகிறது. பிறகுதான் பெறுநர் வங்கிக்குச் செய்தி அனுப்புகிறது. பெறுநர் அப்போது உறங்கிக்கொண்டிருக்கலாம். அவர் எதையும் கேட்க வேண்டியதில்லை. எந்தத் தாளையும் நீட்ட வேண்டியதில்லை. ஒன்று இழுத்து வாங்கும் பணம், மற்றொன்று தள்ளிவிடும் பணம் என்று வகுப்பில் சொல்வேன். மற்ற வேறுபாடுகளிற் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்தே பிறக்கின்றன.

காசோலை பயணம் செய்யும் வழியைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். பதினெட்டாம் நூற்றாண்டில் இலண்டன் வங்கிகளின் எழுத்தர்கள் ஒவ்வொரு வங்கியாக நடந்து காசோலைகளைக் கொடுத்துப் பணம் வாங்கி வந்தனர். நடந்து சலித்த அவர்கள் இலம்பார்டு தெருப் பகுதியிலிருந்த ஒரு மதுக்கடையில் கூடி, தங்களுக்குள்ளேயே காசோலைகளை மாற்றிக்கொண்டு மிச்சத்தை மட்டும் பணமாகத் தீர்த்துக்கொண்டார்களாம். தீர்வகம் என்று நாம் பாடத்தில் படிக்கும் அமைப்பு இப்படித்தான் தோன்றியது. முதலாளிகள் திட்டமிட்டு அமைத்ததன்று. கால் வலித்த குமாஸ்தாக்கள் கண்ட உபாயம்!

நம் நாட்டில் 1980களில் காந்த மை எழுத்து முறை வந்தது. உங்களிடம் உள்ள காசோலை இதழை எடுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் வெள்ளைப் பட்டையில் ஒரு வகைக் கோண எழுத்தில் எண்கள் அச்சாகியிருக்கும். முதல் ஆறு இலக்கம் காசோலை எண். அடுத்த ஒன்பது இலக்கத்தில் முதல் மூன்று நகரத்தையும், நடு மூன்று வங்கியையும், கடைசி மூன்று கிளையையும் குறிக்கும். சென்னைக் காசோலையில் இந்த ஒன்பது இலக்கம் 600 என்று தொடங்கும். அஞ்சல் குறியீட்டின் முதல் மூன்று இலக்கமே அது. தாளைத் தரம் பிரிக்கும் வேலையை இந்த மையின் உதவியால் இயந்திரம் செய்தது. ஆயினும் தாள் பயணம் செய்துகொண்டுதான் இருந்தது.

அந்தப் பயணமும் பின்னர் நின்றது. 2008 பிப்ரவரியில் புதுதில்லியிலும், 2011 செப்டம்பரில் சென்னையிலும், 2013இல் மும்பையிலும் காசோலையின் படிமத்தை மட்டும் அனுப்பும் முறை நடைமுறைக்கு வந்தது. இன்று நீங்கள் வங்கியில் செலுத்தும் காசோலை அந்த வங்கியிலேயே தங்கிவிடுகிறது; அதன் படமும் எண்களுமே செல்கின்றன. 2002ஆம் ஆண்டுத் திருத்தம், இவ்வாறு அனுப்பப்படும் மின்படிமத்தையும் காசோலை என்னும் சொல்லுக்குள்ளேயே அடக்கிவிட்டது. 2025 அக்டோபர் 4 முதல், காசோலைகளைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து வைத்து அனுப்பாமல், பகல் முழுவதும் வந்தது வந்தபடியே படமெடுத்து அனுப்பும் முறையும் தொடங்கியது. ஆகவே ‘காகிதக் காசோலை’ என்று நாம் சொல்வது இன்று பாதிதான் காகிதம். பின் அதற்கும் மின்னணு மாற்றத்திற்கும் வேறுபாடு குறைந்துவிட்டதா என்றால், இல்லை. வேகத்தில் குறைந்தது, உரிமையில் குறையவில்லை.

மின்னணு மாற்றங்களில் ஆர்.டி.ஜி.எஸ். 2004 மார்ச்சிலும், நெஃப்ட் 2005 நவம்பரிலும், ஐ.எம்.பி.எஸ். 2010 நவம்பரிலும், யு.பி.ஐ. 2016இலும் வந்தன. முதல் இரண்டின் வேறுபாட்டை மட்டும் சொல்லி நகர்கிறேன். நெஃப்ட் அரை மணிக்கு ஒருமுறை தொகுதி தொகுதியாகத் தீர்க்கப்படுகிறது. நாளொன்றுக்கு 48 தொகுதி. ஒரு தொகுதியில் அ வங்கி ஆ வங்கிக்குத் தர வேண்டியது 10 கோடி, ஆ வங்கி அ வங்கிக்குத் தர வேண்டியது 8 கோடி என்றால், அவற்றிடையே உண்மையில் நகர்வது 2 கோடியே. அந்தப் பழைய குமாஸ்தாக்கள் செய்த கணக்கேதான்! ஆர்.டி.ஜி.எஸ். முறையில் ஒவ்வொரு தொகையும் தனித்தனியே, உடனுக்குடன் தீர்க்கப்படும். இரண்டு இலட்சத்திற்குக் குறைந்த தொகையை அதில் அனுப்ப இயலாது. 2019 டிசம்பர் முதல் நெஃப்டும், 2020 டிசம்பர் முதல் ஆர்.டி.ஜி.எஸ்.ஸும் இரவு பகல் என்றில்லாமல் இயங்குகின்றன. வியாழன் இரவு நான் தவறு செய்ய முடிந்ததற்குக் காரணம் இந்த வசதியே என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

இப்போது தங்கையின் கேள்விக்கு வருகிறேன். பெயர் சரியாக இருந்தும் பணம் ஏன் மாறிப்போயிற்று?

காசோலையில் பெயரே தலைமை. ‘பெறுநர் கணக்கில் மட்டும்’ என்று கீறலிட்ட காசோலையை நான் தங்கை பெயருக்கு எழுதியிருந்தால், அவள் செலுத்துச் சீட்டில் கணக்கு எண்ணைத் தவறாக எழுதியிருந்தாலும், வசூலிக்கும் வங்கியின் எழுத்தர் காசோலையில் உள்ள பெயரையும் கணக்கில் உள்ள பெயரையும் ஒப்பிட்டுப் பார்க்கக் கடமைப்பட்டவர். பாராமல் வேறொருவர் கணக்கில் வரவு வைத்தால் அது அசட்டை. 131ஆம் பிரிவு, நன்னம்பிக்கையுடனும் அசட்டையின்றியும் வசூலித்த வங்கிக்கு மட்டுமே பாதுகாப்புத் தருகிறது. அசட்டையாயிருந்த வங்கி தன் கையிலிருந்து ஈடு செய்ய வேண்டும். ஆதலால் அங்கே பெயரைப் பார்ப்பதில் வங்கிக்கே அக்கறை உண்டு.

தொகையிலும் இத்தகைய காவல் உண்டு. எண்ணாலும் எழுத்தாலும் இருமுறை எழுதுகிறோம் அல்லவா? இரண்டும் வேறுபட்டால் எழுத்தால் எழுதியதே செல்லும் என்பது 18ஆம் பிரிவு. நடைமுறையில் அத்தகைய காசோலையை வங்கிகள் பெரும்பாலும் திருப்பிவிடுகின்றன என்பது வேறு. கருத்து என்னவென்றால், மனிதன் கை தவறும் என்பதை அறிந்தவர்கள் வகுத்த முறை அது. (காசோலையைத் தமிழிலும் எழுதலாம் என்பதை எத்தனை மாணவர்கள் அறிவீர்கள்? நான் இன்றும் ‘ரூபாய் முப்பத்தாறாயிரம் மட்டும்’ என்றுதான் எழுதுகிறேன். ஒருமுறை ஓர் இளம் எழுத்தர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்; வாங்க மறுக்கவில்லை.)

நெஃப்ட் முறையிலோ கணக்கு எண்ணே தலைமை. 2010 அக்டோபரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட அறிவுறுத்தலின்படி, உள்ளே வரும் மின்னணுத் தொகையைப் பெறும் வங்கி கணக்கு எண்ணை மட்டும் கொண்டே வரவு வைக்கலாம். எண்ணைச் சரியாகத் தருவது அனுப்புபவரின் பொறுப்பு. நான் அவ்வளவு கவனமாகத் தலைப்பெழுத்துடன் அடித்த பெயரை எந்தக் கண்ணும் பார்க்கவில்லை. எந்த இயந்திரமும் ஒப்பிடவில்லை. இலட்சக்கணக்கான தொகைகள் அரை மணிக்கொருமுறை வந்து குவியும்போது, ‘சு. கமலா’ என்பவரும் ‘கமலா சு.’ என்பவரும் ஒருவரா என்று ஆராய்ந்து கொண்டிருக்க இயலாது என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பார்க்கப்படாத பெயரை ஏன் கேட்டு வாங்கினார்கள்? பெயரை எழுதியதும் எனக்கு ஒரு நிம்மதி உண்டாயிற்று. அந்த நிம்மதிக்கு அடிப்படையே இல்லை என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. இக்குறையை ரிசர்வ் வங்கியும் உணர்ந்தது. நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். இரண்டிலும் பணம் அனுப்புமுன் அந்த எண்ணுக்குரியவரின் பெயரை அனுப்புபவருக்குக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1க்குள் செய்து தருமாறு 2024 டிசம்பர் 30 அன்று வங்கிகளுக்கு உத்தரவிட்டது. என் பணம் போனதற்கு ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு! மாணவர்களே, அந்தப் பெயர் திரையில் தோன்றும்போது ஒரு நொடி நின்று படித்துவிட்டு மேலே செல்லுங்கள்.

அடுத்து, நிறுத்தும் உரிமை. காசோலையை எழுதிக் கொடுத்த பின்னும், வங்கி அதற்குப் பணம் தரும் வரையில், ‘பணம் கொடுக்காதே’ என்று நான் எழுதித் தரலாம். எழுதியவர் இறந்த செய்தி வங்கிக்கு எட்டினாலும் கட்டளை செயலிழக்கும். மூன்று மாதம் கடந்தாலும் செல்லாது. (2012 ஏப்ரலுக்கு முன் இது ஆறு மாதமாக இருந்தது, பழைய பாடநூலைப் படிப்பவர்கள் கவனிக்க.) காசோலைக்கு இப்படி ஒரு வாழ்நாள் உண்டு. மின்னணு மாற்றத்திற்கு வாழ்நாளே இல்லை, பிறந்தவுடன் முடிந்துவிடுகிறது. வங்கிகளுக்கிடையே ஒருமுறை தீர்வு முடிந்தால் அது இறுதியானது, திரும்பப் பெற இயலாதது என்று 2007ஆம் ஆண்டின் பணவழங்கல் மற்றும் தீர்வு முறைகள் சட்டம் 23ஆம் பிரிவில் கூறுகிறது. வெள்ளி காலை நான் வங்கி வாயிலில் முதல் ஆளாய் நின்றும் பயனில்லாது போனமைக்கு இதுவே காரணம். கிளை மேலாளர் என்னை அமர வைத்துத் தேநீர் வரவழைத்தார். “சார், உங்க கணக்குல இருந்து அனுமதி இல்லாம நான் ஒரு ரூபா எடுக்க முடியுமா? அதே மாதிரிதான் அவர் கணக்கும். அவர் சம்மதிச்சாத்தான் அந்த வங்கி திருப்பி அனுப்பும்” என்றார். என் மாணவராய் இருந்திருந்தால் முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன். அன்று கசந்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதையும் சொல்வதே நேர்மை. மின்னணு மாற்றம் பணமின்றித் திரும்புவதில்லை. முதலில் பற்று எழுதிவிட்டே வங்கி செய்தி அனுப்புவதால், பெறுநருக்கு வந்தது வந்ததுதான். காசோலையோ வெறும் நம்பிக்கை. ‘போதிய நிதி இல்லை’ என்று திரும்பி வந்த காசோலையைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்த வணிகர்களின் துயரமே 138ஆம் பிரிவாயிற்று. 1989 ஏப்ரல் 1 முதல் அது குற்றம். இன்று தண்டனை ஈராண்டு வரை சிறை, அல்லது காசோலைத் தொகையின் இருமடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் காலக்கெடுவைத் தவறவிடலாகாது. காசோலை திரும்பிய செய்தி கிடைத்து 30 நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அது சேர்ந்து 15 நாள் வரை பொறுக்க வேண்டும். அதன்பின் ஒரு மாதத்திற்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். மாதத் தவணைக்காக நாம் கையெழுத்திட்டுத் தரும் மின்னணுப் பற்று ஆணை இழுக்கும் வகையைச் சேர்ந்தது. ஆகவே அது காசோலையைப் போலத் திரும்பவும் கூடும். அவ்வாறு திரும்பினால் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 25ஆம் பிரிவு அதே அளவு தண்டனையை விதிக்கிறது.

கையொப்பத்தைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். என் கையொப்பத்தைப் போலியாக இட்ட காசோலைக்கு வங்கி பணம் கொடுத்தால் நட்டம் வங்கிக்கே. போலிக் கையொப்பம் கட்டளையே அன்று என்பது கோட்பாடு. வாடிக்கையாளர் தம் கணக்கேட்டை ஒழுங்காகச் சரிபார்க்கவில்லை என்று வங்கி தப்ப முடியாது என 1987இல் கனரா வங்கி – கனரா சேல்ஸ் கார்ப்பரேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடவுச்சொல்லில் போலி என்பதே இல்லை. எவர் விரல் அடித்தாலும் எண் ஒன்றே. ஆகவே 2017 ஜூலை 6இல் ரிசர்வ் வங்கி வேறொரு அளவுகோலை வகுத்தது. வங்கியின் மீதும் உங்கள் மீதும் தவறில்லாமல் இடையிலுள்ள ஒருவரால் பணம் போனால், மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் உங்களுக்குப் பொறுப்பில்லை; நான்கு முதல் ஏழு நாளானால் ஒரு வரம்பு வரை பொறுப்பு. ஆனால் கடவுச்சொல்லை நீங்களே பிறர்க்குச் சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போனதெல்லாம் உங்கள் தலையில். அங்கே கேள்வி ‘இது யார் கையெழுத்து’ என்பது. இங்கே ‘எப்போது சொன்னாய்’ என்பது. மோசடியில் பணம் போனால் 1930 என்ற எண்ணுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். என் வழக்கு இந்த வகையில் சேராது. என்னை ஏமாற்றியவர் யாருமில்லை, என் கையெழுத்தைத் தவிர.

பணம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். பன்னிரண்டு நாள் கழித்து அந்தக் கணக்குக்குரியவரே என்னை அழைத்தார். அவருடைய கிளையில் என் தொலைபேசி எண்ணைக் கொடுத்திருந்தார்கள். சிறு சரக்கு வண்டி ஒன்றை வைத்து ஓட்டிப் பிழைப்பவர். மறுநாள் காலையிலேயே வண்டிக் கடனின் நிலுவைத் தவணையை மின்னணுப் பற்று ஆணை எடுத்துக்கொண்டுவிட்டது. மீதியை, ஒரு முகவரிடமிருந்து வர வேண்டிய வாடகை வந்துவிட்டதென்று எண்ணி அவர் செலவு செய்துவிட்டார். “நான் திருடல சார். ஆனா இப்ப கையில இல்ல” என்றார். தவறுதலாகச் செலுத்தப்பட்ட பணத்தைப் பெற்றவர் திருப்பித் தந்தாக வேண்டும் என்று 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72ஆம் பிரிவு சொல்கிறது. அதை அவருக்குச் சொன்னேன். சொன்ன பிறகு வெட்கமாயிருந்தது. எண்ணைத் தவறாக எழுதியவன் நான்.

எப்படித் தருவீர்கள் என்று கேட்டேன். அவரிடம் தருவதற்கு அன்று பணமில்லை. ஆகவே எந்தச் செயலியும் எங்களுக்கு உதவவில்லை. இல்லாத பணத்தை நெஃப்டில் அனுப்ப முடியாது. அவரிடம் ஒரு காசோலைப் புத்தகம் இருந்தது. ரூ. 12,000 வீதம் மூன்று காசோலைகளை, அடுத்தடுத்த மூன்று மாதங்களின் பத்தாம் தேதியிட்டு என் பெயருக்கு எழுதி, கீறலிட்டு அனுப்பினார். முதலாவது பணமாயிற்று. இரண்டாவதன் முதல் நாள் இரவு, “ரெண்டு நாள் பொறுத்துப் போடுங்க சார்” என்றார். பொறுத்துப் போட்டேன், வந்தது. அப்பணத்தைக் கொண்டு தங்கை சங்கிலியை மீட்டாள். வட்டியை நான் கொடுத்தேன்.

மூன்றாவது காசோலையின் தேதிக்கு நான்கு நாள் முன்பே, யு.பி.ஐ. வழியாக அவரிடமிருந்து ரூ. 12,000 வந்தது. அனுப்புமுன் என் பெயர் திரையில் வந்ததாம்; இருமுறை படித்துப் பார்த்தேன் என்றார். பின் தயங்கித் தயங்கி, “அந்த செக்கு உங்ககிட்டயே இருக்கே சார்?” என்றார். அவர் அஞ்சியது சரியே. பணம் வந்துவிட்டாலும் தாள் உயிரோடிருக்கிறது. நான் அதைச் செலுத்தினால் அவர் வங்கி கொடுத்துவிடும். குறுக்கே இரண்டு கோடு கிழித்து, ‘ரத்து’ என்று எழுதி, மறுநாள் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அவருக்கு அனுப்பினேன். அட்டை ஐந்தாம் நாள் அவர் கையெழுத்துடன் திரும்பி வந்தது.